நாலு பறங்கி வேணும்

மன்னாரை மீட்கப் போன யாழ்ப்பாணத்து ராசாவின் படையில் எனக்குக் கிடைத்த பதவி, அட்டைப்பெட்டி சேர்ப்பவன். என்னிடம் சாமான் ஏற்றுகிற ஒரு பழைய வான் இருந்தது. அதைவிட வேறு தகுதி கிடையாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு லொறியில் ஏறியவன் நான். அந்த ராசாவைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டதே லண்டனில், முப்பத்தொன்பது வயதில்தான்.

2009 ஆம் ஆண்டு இலையுதிர் காலம். ஹவுன்ஸ்லோவில் மகள் படித்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் பெற்றோர்களும் ஒரு நாடகம் போடுவதென்று தீர்மானமாயிற்று. எழுதியவர் ஹரோவில் இருந்த ஒரு கணக்காளர். அங்கேயிருந்து எங்கள் பள்ளிக்கு மெனக்கெட்டு வந்து பெரிய வகுப்புக்குப் படிப்பிப்பவர். எல்லாரும் அவரை ஹரோ அண்ணை என்போம். பேச்சுக்கு நடுவில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் எதிரில் நிற்பவர் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

கதை இதுதான். நானூறு வருசத்துக்கு முன் மன்னார் தீவு யாழ்ப்பாண ராச்சியத்தின் தெற்கு எல்லை. முத்துக் குளிக்கும் கடல். போர்த்துக்கேயர், அதாவது எங்கள் பேச்சில் பறங்கியர், கப்பலில் வந்து தீவைப் பிடித்துக் கோட்டையில் இருந்துகொண்டார்கள். ஒரு தலைமுறை கழித்து வந்த ராசா ஒருவர், கைவிட்டுப்போன மன்னாரைத் திரும்பப் பிடிக்கப் படை திரட்டினார். ஒரு முறை போனார், முடியவில்லை. மறுபடி போனார், அப்போதும் முடியவில்லை.

விழாக் குழுவில் ஒருவர், கடைசியில் ராசா வெல்லுவதாக மாற்றினால் என்ன, இந்த வருசம் சனம் பட்டது போதாதா என்று கேட்டார். ஹரோ அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். சரித்திரம் ஒன்றும் பிறந்தநாள் கேக் இல்லை, அவரவர் விருப்பத்துக்கு வெட்ட, என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

வன்னியில் சண்டை முடிந்த அந்த வருசத்தின் முதல் பாதியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும். குளிரில் வீதியில் நின்றோம், வேலைக்குப் போனோம், போன் அடித்தால் பயந்தோம். ஆவணியில் மனைவியின் அக்காவின் குரல் போனில் வந்தது. குடும்பத்தோடு உயிரோடு இருந்தார்கள். ஐப்பசியில் முகாமை விட்டு மன்னாருக்கே திரும்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக் கறியில் உப்புச் சரியாக விழத் தொடங்கியது.

ஓம், என் மனைவி மன்னார்க்காரி. எங்கள் கலியாணத்தின்போது என் கூட்டாளிகள், நானூறு வருசமாக ஒருத்தராலும் முடியாததைச் செய்துவிட்டான், மன்னாரைப் பிடித்துவிட்டான் என்று பகிடி பண்ணினார்கள். அவள் அப்போதே திருப்பிச் சொன்னாள், பிடித்தது யார் என்பது போகப் போகத் தெரியும் என்று.

நான் எழுத்துக் கூட்டி மெதுவாக வாசிப்பவன். அதனால் நாடகப் பிரதியை அவள்தான் குசினி மேசையில் இருந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். ராசாவுக்கு ஒரு குரல், மந்திரிக்கு ஒரு குரல், பறங்கித் தளபதிக்கு மூக்கால் ஒரு குரல். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கம் முடிந்ததும் அவள் பிரதியை மூடி வைத்தாள். பிறகு கேட்டாள்.

"இதில மன்னார்ச் சனம் எங்க?"

நான் கத்தியை வைத்துவிட்டுப் பக்கங்களைப் புரட்டினேன். ராசா, மந்திரி, தளபதி, தூதுவன், பறங்கித் தளபதி, பறங்கிச் சிப்பாய் நால்வர். மன்னார் என்பது நான் செய்யப்போகும் அட்டைக் கோட்டை மட்டும்தான்.

"எங்கட ஊரைப் பிடிக்கினம், விடுகினம், பிறகும் பிடிக்க வருகினம். எங்கட ஆக்கள் ஒருத்தர் வாய் திறக்கேல்லை. எனக்கு ஒரு வசனம் வேணும். ஒண்டே ஒண்டு. ஹரோ அண்ணையிட்டக் கேளுங்கோ."

நீரே கேளுமன் என்றேன். தான் கேட்டால் சண்டையாகப் போகும், நான் கேட்டால் பாவம் பார்த்துத் தருவார் என்றாள். இதில் என்னைப் புகழ்ந்தாளா இறக்கினாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

என்ன வசனம் என்று சொல்ல மாட்டாள். ஆனால் அது அவளுக்குள் இருந்ததை நான் அறிவேன். உடுப்பு மடிக்கும்போது அவளுடைய வாய் அசையும். நான் கிட்டப் போனால் நின்றுவிடும். அந்த வருசம் முழுக்க எங்கள் தலைக்கு மேலால் எல்லாரும் மன்னாரைப் பற்றியும் வன்னியைப் பற்றியும் பேசியிருந்தார்கள், ரேடியோவில், ரீவியில், கடையில், கலியாண வீட்டில். அங்கே பிறந்தவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வசனம் என்பது பெரிய ஆசை இல்லை. அதைக்கூட வாங்கிக் கொடுக்க முடியாவிட்டால் வானை வைத்திருந்து என்ன பிரயோசனம்.

முதல் படையெடுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரதியின் போட்டோக்கொப்பி எடுக்க ஹரோ அண்ணை வீட்டுக்குப் போனேன். வழி நெடுக வானுக்குள் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். "அண்ணை, ஒரு சின்ன விசயம்." "அண்ணை, பிழையா நினைக்கக் கூடாது." சிவப்பு லைட்டில் பக்கத்துக் காரில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் என்னைப் பார்த்துக் கை காட்டினார். ஒரு மணித்தியாலம் முந்திப் போய்விட்டதால் அவருடைய தெரு முனையில் வானுக்குள்ளேயே இருந்தேன். வீட்டில் காஸ் பூட்டினேனா என்று யோசித்தேன். எங்கள் வீட்டு அடுப்பு கரண்ட் அடுப்பு.

ஹரோ அண்ணை மீன் ரோல்சும் தேத்தண்ணியும் தந்தார். பிறகு பீரங்கியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பறங்கியின் பீரங்கி எவ்வளவு தூரம் அடிக்கும், ராசாவின் படை கடலைக் கடந்து தீவுக்குப் போக என்ன பட்டது, எல்லாம். கேட்கக் கேட்க எனக்கு அந்த ராசாமேல் இரக்கம் வந்துவிட்டது. மூன்றாவது ரோல்ஸ் சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். மூன்றாவது ரோல்சும் முடிந்தது. கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாசலில் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். கேட்கவேயில்லை.

"கோட்டை விட்டிட்டியள், என்ன?"

எங்கள் தமிழில் ஒரு காரியத்தைத் தவறவிட்டால் கோட்டை விட்டான் என்று ஏன் சொல்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இரண்டாம் படையெடுப்பு ஒத்திகையில். பள்ளி மண்டபத்தில் கூடைப்பந்துக் கோடுகளுக்கு நடுவே எல்லாரும் வாள் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். ராசாவாக நடித்தவர் கலியாணங்களுக்குப் படம் எடுப்பவர். பெரிய வண்டி, அருமையான குரல். என் மனைவியை அக்கா என்று கூப்பிடுவார். எங்கள் மகள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்திய வீட்டுப் படமெல்லாம் அவர் எடுத்ததுதான். அவர் வாளைத் தூக்கினால் மற்றவர்களைக் கமராவுக்குச் சிரிக்கச் சொல்வது போலத் தன்னையறியாமல் ஒரு விரலையும் தூக்குவார். ஹரோ அண்ணை அந்த விரலோடு மூன்று கிழமையாகப் போராடிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து நான் போய், மன்னார்ச் சனம் அப்போது என்ன சொல்லியிருக்கும் அண்ணை என்று கேட்டேன். நேராகக் கேட்கத் துணிவில்லாமல் சுற்றி வளைத்துக் கேட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல கேள்வி, ஆனால் பறங்கி எழுதி வைத்த குறிப்பில் சனத்தின் பேச்சு கிடையாது, ஆதாரம் இல்லாமல் எழுதக் கூடாது என்றார். அப்படித்தானே அண்ணை என்றுவிட்டு வந்து கோட்டைக்குச் சாம்பல் நிறம் பூசினேன்.

கோட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நன்றாக வந்தது. ஃபிரிட்ஜ் பெட்டி ஏழு, வாஷிங் மெஷின் பெட்டி பதினொன்று, எல்லாம் கடை கடையாகப் போய்க் கேட்டு வாங்கியவை. பீரங்கி, மழைத்தண்ணீர்க் குழாய். புகை போட்டால் மண்டபத்தின் நெருப்பு அலாரம் அடிக்கும், தீயணைப்புப் படை வரும், பள்ளிக்கு மண்டபம் இல்லாமல் போகும் என்று நான் மூன்று நாள் கவலைப்பட்டு, முடிவில் முகப் பவுடரைக் குழாய்க்குள் கொட்டி சைக்கிள் பம்பால் அடிப்பதென்று கண்டுபிடித்தேன். என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த ஒரே பொருள் அது. ஹரோ அண்ணைகூட மூக்கில் பவுடரோடு நின்று பாராட்டினார்.

பிரச்சினை பறங்கியில் வந்தது. ராசாவின் படைக்கு இருபத்திரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். பறங்கித் தளபதியாக நடிக்கவே ஒருவரைக் கெஞ்சிப் பிடித்தோம். சிப்பாயாக நிற்க ஒருத்தரும் இல்லை. அந்த வருசம் யாருக்கும் கோட்டைக்கு உள்ளே நிற்க மனமில்லை. தொப்பி நாலும் கறுப்பு மட்டையில் வெட்டி, இறகு ஒட்டி, ஆயத்தமாக இருந்தது. தலைதான் இல்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. மகளின் வகுப்பில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளையின் தாய்க்கு, நான் தங்கச்சி என்று கூப்பிடுபவருக்கு, ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வேலை. அவருடைய கணவரும் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கில் கிரிக்கெட் விளையாடுவார்கள், நல்ல உயரமான ஆட்கள். அவர்களைக் கேட்கலாம் என்று தங்கச்சிக்குப் போன் அடித்தேன். அவர் எடுக்கவில்லை. போனில் குரலைப் பதிந்துவிடச் சொன்னது. எனக்கு அந்தப் பீப் சத்தம் கேட்டாலே வாய் குழறும். அவசரத்தில் இப்படிச் சொல்லி வைத்தேன்: "தங்கச்சி, சனிக்கிழமை நாடகத்துக்கு நாலு பறங்கி வேணும். நல்ல பெரிசாப் பார்த்துக் கொண்டுவாங்கோ. உடுப்பு நாங்கள் போட்டுவிடுவம்."

சரி அண்ணா, கண்டிப்பா, என்று பதில் வந்தது. அன்றைக்குப் பின்னேரம் நான் எதற்கும் கவலைப்படவில்லை. கவலைப்படாமல் இருந்தது ஏன் என்று பிறகு கவலைப்பட்டேன்.

விழாச் சனிக்கிழமை மத்தியானம் தங்கச்சி ஒரு ஷாப்பிங் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார். அதில் நாலு பூசணிக்காய். செம்மஞ்சள் நிறம், ஒவ்வொன்றும் என் தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. வெள்ளைக்காரர் பேய்முகம் வெட்டும் திருநாள் போன கிழமைதான் முடிந்திருந்தது. கடையில் மிச்சம் கிடந்தவற்றில் பொறுக்கி எடுத்து வந்திருக்கிறார்.

அவருக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பறங்கி எங்க, தங்கச்சி?"

"இதோ இருக்கே, அண்ணா. நாலு கேட்டீங்கல்ல? இதுலயே பெருசு இதுதான்."

"இது பூசணிக்காய் எல்லோ."

"பூசணின்னா வெள்ளையா இருக்குமே, திருஷ்டிக்கு உடைப்பாங்களே. இது பறங்கி. சாம்பார்ல போடுறது." பிறகு கொஞ்சம் யோசித்து, "டிரெஸ் போட்டு விடுறோம்னு வேற சொன்னீங்க. குழந்தைங்களுக்கு ஏதோ விளையாட்டுன்னு நெனச்சேன்" என்றார்.

அவருடைய கணவரும் கூட்டாளிகளும் பர்மிங்ஹாமில் ஏதோ மேட்ச் பார்க்கப் போய்விட்டார்களாம். நாடகத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. ராசா ஓடி வந்து ட்ரொலியைப் பார்த்தார். ஒரு தொப்பியை எடுத்து ஒரு பூசணிக்காயின் மேல் வைத்தார். அளவெடுத்து வெட்டியதுபோல உட்கார்ந்தது. தூக்கிக் கோட்டை மதிலின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் போய்ப் படம் எடுப்பவர் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

ஹரோ அண்ணை வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

இதில்தான் நான் இன்றைக்கும் நம்ப முடியாத காரியம் ஒன்று நடந்தது. பயம் அளவுக்கு மிஞ்சினால் அதற்கு அந்தப் பக்கம் ஒரு வெளி இருக்கிறது போல. ஒரு காற்றுக்கூட இல்லாத இடம். நான் அங்கே போய் நின்றேன்.

"அண்ணை, கோட்டையில ஆளில்லை. இதுகளை வைப்பம். ஆனா உருளும். பிடிக்க ஒரு ஆள் வேணும். என்ர மனிசி நிக்கட்டும், பூசணிக்காய் விக்கிற மன்னார்ப் பொம்பிளையா." மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னேன். "நிண்டால் சும்மா நிக்க மாட்டா. ஒரு வசனம் சொல்லுவா."

ஹரோ அண்ணை மதில் மேலிருந்த தொப்பிக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டு தானே?"

"ஒண்டு தான், அண்ணை."

மனைவி மண்டபத்தின் பின்பக்கம் வடைக்கு மாக் குழைத்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். கையை அப்படியே மாவுக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் பத்துத் தரம் ஹரோவுக்குப் போவேன், வழியில் நின்று சொல்லிப் பார்க்க ஒரு சிவப்பு லைட்கூட இல்லாவிட்டாலும்.

நாடகம் தொடங்கியது. நான் கோட்டைக்குப் பின்னால் பம்போடு குந்தியிருந்தேன். ஓட்டை வழியாக எனக்கு மனைவியின் முதுகும் நாலு பூசணிக்காயும் சபையின் பாதியும் தெரிந்தன. திரை விலகியதும் சபைக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு முன் வரிசையில் ஒரு பிள்ளை இங்கிலீசில் அது பம்ப்கின் என்று சொன்னது. சிரிப்பு பின்வரிசைவரை போய்த் திரும்பி வந்தது. ராசா அதற்கு அசையவில்லை. அவ்வளவு கம்பீரமாகப் படையை நடத்தி வந்தார். விரலைக்கூடத் தூக்கவில்லை. நான் பம்பை அடித்தேன், பவுடர் பறந்தது, இருபத்திரண்டு பேரும் தும்மிக்கொண்டு விழுந்தார்கள். முதல் படையெடுப்புத் தோற்றது.

இரண்டாம் முறை வந்தபோது அவர்கள் மிதித்த மிதியில் மேடை ஆடி ஒரு சிப்பாய் மதிலிலிருந்து உருண்டான். தொப்பியோடு விழுந்து, ராசாவின் கால்வரை போய் நின்றான். ராசா குனிந்து பார்த்தார். சபையில் யாரோ ஒரு அண்ணை, "ஒருத்தன் சரணடைஞ்சிட்டான்" என்று சொன்னார். அதற்குப் பிறகு சில நிமிடம் ஒருவருடைய வசனமும் கேட்கவில்லை. எனக்கும் கண்ணில் தண்ணீர். பவுடராகவும் இருக்கலாம்.

என்றாலும் சரித்திரப்படி ராசா தோற்றுத்தான் ஆக வேண்டும். ராசாவின் தளபதி விழுந்தார். மத்தளம் மெதுவாகியது. ராசா வாளைத் தாழ்த்திக்கொண்டு திரும்பினார். சபை மெல்ல மெல்ல அமைதியாகியது. அந்த அமைதிக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். அந்த வருசம் அதை நாங்கள் நிறையக் கேட்டிருந்தோம்.

அப்போது மனைவி இரண்டடி முன்னுக்கு வந்தாள்.

"ராசா, நில்லுங்கோ. நீங்கள் வந்தனீங்கள், போறீங்கள். பறங்கியும் வந்தவன், ஒரு நாளைக்குப் போவான். நாளைக்கு விடியக் கடலுக்குப் போறது நாங்கள், உலை வைக்கிறது நாங்கள். அடுத்த முறை வரேக்க எங்களையும் ஒருக்கால் கேட்டிட்டு வாங்கோ."

ஒரு வசனம் என்று சொன்னேன். நாலைந்து இருக்கும். ஹரோ அண்ணை எண்ணியிருப்பார்.

ராசாவுக்கு இதற்குப் பதில் எழுதிக் கொடுக்கப்படவில்லை. அவர் போகவேண்டியவர். ஆனால் அவர் நின்று, தலையைக் குனிந்து, கலியாண வீட்டில் எங்களோடு கதைக்கும் அதே குரலில் சொன்னார்.

"சரி அக்கா. கேட்டிட்டு வாறன்."

நான் அதற்கு முன்னும் பின்னும் ஒரு மண்டபம் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே எழும்பி நின்று கை தட்டினார்கள். வயதான அம்மா ஒருவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் மனைவி அசையவில்லை. விழுந்து கிடந்த பூசணிக்காயை எடுத்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, வெறுங்கையோடு போகாதேங்கோ என்று ராசாவிடம் கொடுத்தாள். அவர் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தோற்ற ராசாவாகப் போனார்.

நன்றியுரையில் ஹரோ அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்தார். நான் கோட்டைக்குள் ஒளிந்துகொண்டேன். அவர் சொன்னார், இந்தக் காய் அமெரிக்காவிலிருந்து பறங்கியரோடு வந்தது, அதனால்தான் தமிழ்நாட்டில் பறங்கிக்காய் என்ற பெயர், ஆகவே மன்னார்க் கோட்டையில் பறங்கிக்காய் இருந்தது சரித்திரத்துக்கு முழுப் பொருத்தம் என்று. எல்லாம் முதலே யோசித்து வைத்ததுபோலச் சொன்னார். தஞ்சாவூர்த் தங்கச்சி எழும்பி நின்று கை தட்டினார்.

அடுத்த நாள் மனைவி கோயில் பூசை முடிந்து வந்து அக்காவுக்குப் போன் எடுத்தாள். நான் அடுப்படியில் நின்று பூசணிக்காய்க் கறிக்குத் தேங்காய்ப்பால் விட்டுக்கொண்டிருந்தேன். கதை முழுக்கச் சொன்னாள், பறங்கித் தளபதியின் மூக்குக் குரல் உட்பட. அந்தப் பக்கம் அக்காவின் சிரிப்பு அடுப்படிவரை கேட்டது. பிறகு அக்கா ஏதோ கேட்டார். கடைசியில் மன்னாரை ஆர் பிடிச்சது என்று கேட்டிருக்க வேண்டும்.

"ஒருத்தரும் பிடிக்கேல்லை" என்றாள் மனைவி. "பூசணிக்காய் மட்டும் முடிஞ்சுது."

முடியவில்லை. ஒன்று வானுக்குள் சீட்டுக்குக் கீழே உருண்டு கிடந்தது. தொப்பியும் கழற்றாமல். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும்போது பிரேக் பிடித்த நேரம் என் காலடிக்கு வந்தான்.